காற்றுக்கு எத்தனை அறை

மாங்குளம் சந்தியில் நியாஸின் கடை.
குடம், கதிரை, பிளாஸ்டிக் பூக்களுக்குப் பின்னால்
மூன்று பெட்டிகளில் மடித்துவைத்த மூன்று ஓடங்கள்.
பெட்டிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்
நீலத் தண்ணீரில் சிரித்துக்கொண்டு.
கனகராயன் ஆறு நீலமில்லை.
தேத்தண்ணி நிறம். மழை விட்ட மறுநாள்
பால் விட்ட தேத்தண்ணி.

"எவ்வளவு தாங்கும்?"
"நூற்றியெண்பது கிலோ எண்டு போட்டிருக்கு."
"ஆர் போட்டது?"
"செஞ்சவன்."
"அவன் ஏறிப் பாத்தவனோ?"
நியாஸ் சிரிக்கவில்லை.
பெட்டியைத் திருப்பி
இலக்கத்தை இன்னொருமுறை காட்டினான்.

நான் எழுபத்தொன்று. பாமசித் தராசில், செருப்போடு.
வலை நனைந்தால் ஒன்பது.
துடுப்பு, வாளி, சோத்துப் பாசல்.
மீனைக் கணக்கில் சேர்க்கவில்லை.
சேர்த்துக்கொண்டு போன நாட்களில்
ஒன்றும் பட்டதில்லை.

இதுவரைக்கும் லொறி ரியூப்.
குறுக்கே பலகை கட்டி, அதில் குந்தி,
முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஆற்றுக்கு.
மூன்று வருசம் அப்படி.
போன ஆவணியில், மருதமரத்தடி மடுவில்
ஒரு மரக்குத்தி எதிர்நீரில் வந்தது.
மரக்குத்தி எதிர்நீரில் வராது.
கரையேறி, கால்விரல் பத்தையும்
இரண்டுதரம் எண்ணினேன்.

ஆகவே, தரை வேண்டும்.
முதலாவதின் தரையை விரலால் அழுத்தினேன்,
கலியாணவீட்டு மேசைக்கு விரிக்கிற தாள்.
இரண்டாவது பரவாயில்லை. ஆனால்
காற்றுக்கு ஒரே அறை.
ஒரு சூரைமுள், கதை முடிந்தது.
மூன்றாவதில் மூன்று அறை,
சுற்றி இரண்டு, அடியில் ஒன்று.
ஒன்று போனால் மற்றதில் இருந்து
யோசிக்கலாம்.
யோசிக்க நேரம் தருகிற சாமானுக்கு
விலை கூடத்தான்.

நிறமும் இரண்டு இருந்தது.
கடும்பச்சைக்கு ஆயிரம் ரூபாய் குறைவு,
மரநிழலோடு நிழலாய்க் கிடக்கும்,
மீனுக்கும் தெரியாது என்றான்.
சுகிர்தாவுக்கு ஃபோன் எடுத்தேன்.
"பச்சை வேண்டாம்."
ஏனென்று நான் கேட்கவில்லை.
அந்தப் பக்கத்தில் ஏதோ தாளிக்கிற சத்தம்.
பிறகு சொன்னாள்,
"தூரத்திலயிருந்து தெரியவேணும்."
செம்மஞ்சள்.

காசை எண்ணும்போதுதான் பெட்டியோரத்தில் கண்டேன்:
நீளம் ஏழரை அடி, அகலம் நாலரை.
எங்கள் வளவு முக்கால் ஏக்கர். அதன் மூலையில்
வனவளத்தாரின் கல் நிற்கிறது,
போன வருசம்
கிணற்றுக்கு அங்கால் நின்ற கல்.
இதில் ஒருத்தரும் கல் நடமுடியாது.
நட்டால் ஓட்டை.

பஸ்ஸில் பெட்டிக்கும் ரிக்கற் கேட்டான் கொண்டக்டர்.
உள்ளே என்ன?
ஓடம் என்றேன்.
பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அரை ரிக்கற் கிழித்தான்.
மடியில் வைத்திருந்தேன்.
ஏழரை அடி என் மடியில் உறங்கியது.

பின்னேரம் முற்றத்தில் காற்றடித்தோம்.
பம்மின் வாய் பொருந்தவில்லை.
பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச்
சுற்றி இறுக்கினாள் சுகிர்தா.
மாறி மாறி மிதித்தோம். முதலாவது அறை
மூச்சு வந்ததுபோல எழும்பியது. மூன்றாவது
நிமிரமுன்னமே
நாய் ஏறி நடுவில் படுத்துவிட்டது.
இறங்கு என்றால் வாலை மட்டும் ஆட்டுகிறது,
ரியூப்பில் போன நாட்களில்
கரை நீளத்துக்கும் குரைத்துக்கொண்டு ஓடிவந்த நாய்.

எழுபத்தொன்று, ஒன்பது, இது ஒரு பதினாலு.
தாங்கும்.
நகம்தான்.
பதினெட்டு நகம்.

அவள் தலையை மடியில் அமத்திப் பிடிக்கிறாள்.
நான் நகவெட்டியோடு கிட்டப் போகிறேன்.
செம்மஞ்சள் தரை மெல்ல ஆடுகிறது,
இன்னும் ஒருசொட்டுத் தண்ணீர் காணாமல்.